மிக்கியையும் எல்சாவையும் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது தகுமா?

பாஸ்டன் பூங்குயில்:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் பள்ளி விடுமுறைக்கு ஆர்லாண்டோ போகிறோம். டிஸ்னியின் மேஜிக் கிங்டம், எப்காட் பூங்காக்கள் இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்பது. மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார், அவரும் கூட வருகிறார்.

மகள் மிக்கி எலியையும் ஃப்ரோசன் படத்து எல்சாவையும் நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் கணவரோ, "இவ்வளவு காசு கொடுத்து உள்ளே போய், வேஷம் போட்டவரோடு இரண்டு நிமிடம் நிற்பதற்காக ஒரு மணி நேரம் காய வேண்டுமா? அதற்குள் இரண்டு ரைடு ஏறி இறங்கிவிடலாம்" என்கிறார். மகன் அப்பா கட்சி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கடிகாரமுள்:

தகாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மேஜிக் கிங்டமில் ஒரு நாள் டிக்கெட் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். மூன்று வயதிலிருந்து ஒன்பது வரை சிறுவர் கட்டணம் என்று பெயர்தான், பெரியவர் கட்டணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நுழைந்து இரவு வெளியே வருவதற்குள் சாப்பாடு, கழிப்பறை, நடை, குழந்தையின் தூக்கம் எல்லாம் போக, கையில் நிற்பது ஏழெட்டு மணி நேரம். அதில் மிக்கிக்கு ஒன்று, எல்சாவுக்கு ஒன்று, வழியில் கண்ணில் படும் இன்னொரு இளவரசிக்கு ஒன்று என்று கொடுத்தால் பாதி நாள் போச்சு.

2014-ல் ஃப்ரோசன் படத்தின் சூடு ஆறாத சமயத்தில் மேஜிக் கிங்டமில் எல்சாவையும் அவள் தங்கை அன்னாவையும் பார்க்க ஐந்து மணி நேரம் வரை வரிசை போனது. ஐந்து மணி நேரம்! ஐந்து வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் நின்ற பிறகு எந்த நிலையில் இருக்கும்? அங்கே குழந்தை நிற்பதில்லை, அப்பாவின் தோளில் தூங்குகிறது. நிற்பது பெற்றோர். படம் போடுவதும் பெற்றோர்.

எடிசன்வாசி:

கடிகாரமுள் சொல்லும் 2014 கதை உண்மைதான். ஆனால் அதையே இன்றைக்கும் அளவுகோலாக வைப்பது சரியில்லை. அன்னாவும் எல்சாவும் 2016-லேயே எப்காட்டின் நார்வே பகுதிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கென்றே ராயல் சோமர்ஹூஸ் என்று மரவீடு கட்டியிருக்கிறார்கள், உள்ளே ஏசி. இன்றும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் ஐந்து மணி நேரம் இல்லை.

என் மகளுக்கு அப்போது நான்கு முடிந்து ஐந்து. வீட்டில் ஊருக்கெல்லாம் கேட்கப் பேசுகிறவள், எல்சாவின் முன்னால் போனதும் வாயே திறக்கவில்லை. எல்சா அவள் காலணியைப் பார்த்து, அதில் ஒட்டியிருந்த பனிப்பூப் படத்தைத் தொட்டு, "இதை நீ செய்தாயா, நான் செய்தேனா?" என்று கேட்டார். அவ்வளவுதான். என் மகள் தன் காலையும் எல்சாவின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதான்" என்று தமிழில் சொன்னாள். எல்சாவுக்கு என்ன புரிந்ததோ, தலையசைத்து "அப்படித்தான் நானும் நினைத்தேன்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இந்தப் பேச்சை எந்த ரைடிலும் பெற முடியாது. ரைடு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடும். இங்கே அந்த இரண்டு நிமிடம் அந்த ஒரு குழந்தைக்காக மட்டும் நடக்கிறது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குழந்தை கேட்காத கதாபாத்திரத்துக்கு நிற்பது வீண். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இதையும் எடுத்துவிடுவோம்" என்று ஆரம்பித்தால் கடிகாரமுள் பயப்படுவதுதான் நடக்கும்.

திரைக்குப்பின்:

படிக்கிற காலத்தில் ஒரு பூங்காவில் கதாபாத்திரத்தின் பக்கத்தில் நின்று வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். வரிசை ஏன் இப்படி நீள்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் எழுதுகிறேன்.

கரீபியன் கடற்கொள்ளையர் மாதிரியான படகு ரைடு ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி இறக்கிவிடும். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இங்கே நடப்பது வேறு. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். மணிக்கு முப்பது, மிஞ்சினால் நாற்பது குடும்பம். நடுவில் உடைக்குள் இருப்பவருக்கு ஓய்வு தரவேண்டும். ஃப்ளோரிடா வெயிலில் அந்த உடையோடு தொடர்ந்து நிற்க முடியாது, அதனால் வெளியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தே வைப்பார்கள். "மிக்கி தன் நாய் புளூட்டோவைப் பார்த்துவிட்டு வருகிறார்" என்று சொல்வது அந்த ஓய்வுக்காகத்தான். அதனால் வரிசையில் எத்தனை தலை என்று பார்க்காதீர்கள், எத்தனை குடும்பம் என்று எண்ணுங்கள். உங்களுக்கு முன்னால் பத்துக் குடும்பம் என்றால் சுமார் இருபது நிமிடம். முப்பது குடும்பம் என்றால் ஒரு மணி நேரம். பார்வைக்குச் சின்னதாக இருக்கும் வரிசைதான் பெரும்பாலும் ஏமாற்றும்.

வரிசையில் சேரும் முன் ஊழியரிடம் போய், "இவர் எத்தனை மணிவரை இருப்பார், இப்போது சேர்ந்தால் கட்டாயம் பார்ப்போமா?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் நின்றுவிட்டு, வரிசையை மூடிய பிறகு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பயந்து அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளியும் குழந்தையை முன்னால் தள்ளாதீர்கள். பழகிய கலைஞர் உடனே மண்டி போட்டு உட்காருவார், முகத்தை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார், உள்ளங்கையை மேல்பக்கமாக விரித்துத் தாழ வைத்துவிட்டு அப்படியே காத்திருப்பார். குழந்தை தானாக ஓரடி வைத்து அந்தக் கையில் ஒரு விரலை வைக்கும். அதற்கு அரை நிமிடம் ஆகட்டும். பின்னால் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நாங்கள் யாரையும் விரட்ட விரும்பியதே இல்லை.

செங்காங் சித்தி:

எங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் மினியன்கள் சாலையோரம் நிற்பார்கள், அங்கே நீண்ட நேரம் நிற்க வேண்டி வந்ததில்லை. அக்கா பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்து ரோபோக்கள்தான். ஆளைவிட ரொம்பப் பெரிய உருவம், அதன் குரலும் நடையும் பார்க்கவே தனி. ஆனால் ஹாங்காங் டிஸ்னிலாண்டில் 2023 நவம்பரில் ஃப்ரோசன் உலகம் திறந்த பிறகு அங்கே கூட்டம் அதிகம். எல்சா விஷயத்தில் எங்கே போனாலும் நின்றுதான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

நீலக்கிளி:

எல்லோரும் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் குழந்தை கிடையாது, நான் எனக்காக நிற்கிறேன். வருஷா வருஷம் மேஜிக் கிங்டமின் ஹாலோவீன் இரவு விழாவுக்குப் போகிறேன். விழா இரவு ஏழு மணிக்கு, ஆனால் அந்த டிக்கெட்டில் நான்கு மணிக்கே உள்ளே விடுவார்கள். 'நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்து ஜாக் ஸ்கெலிங்டன், சாலி இருவரையும் பார்க்க நினைப்பவர்கள் உள்ளே வந்ததும் நேராக வரிசைக்குத்தான் போவார்கள். நானும் அப்படித்தான். சாதாரண நாளில் பதினான்கு வயது நிரம்பியவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது, இந்த விழாவில் போகலாம். அதனால் வரிசையில் நிற்பவர்களே ஆளுக்கொரு வேஷத்தில் இருப்பார்கள். சாலியின் ஒட்டுப்போட்ட கவுனை மாதக்கணக்கில் தைத்த ஒரு அம்மாவிடம் அங்கேதான் தையல் யோசனை கேட்டுக்கொண்டேன். இப்போது நல்ல சிநேகிதிகள்.

ஷாங்காய் டிஸ்னிலாண்டின் லீனாபெல் நரிக்குட்டியைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 29-ல் அறிமுகமானபோது அதற்குப் படமும் கிடையாது, தொடரும் கிடையாது. பேசவும் பேசாது. பார்க்க வருகிறவர்களிடம் அது காட்டும் குறும்பு ஒன்றுதான் அதன் கதை. அந்த வருஷக் கடைசியில் அதன் கிறிஸ்துமஸ் பொம்மைகள் விற்பனைக்கு வந்தபோது அதிகாலை மூன்று மணிக்கே 5,000 பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் குழந்தைகளா என்ன? பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம்பெண்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நேருக்கு நேர் நின்று உன்னை மட்டும் பார்க்கிற ஒரு பொழுது பெரியவர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

கடிகாரமுள்:

நீலக்கிளி, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. உங்கள் நேரம், உங்கள் கால்வலி, உங்கள் மகிழ்ச்சி. யாரும் கேட்க முடியாது.

குடும்பத்தில் அப்படி இல்லை. ஒரு குழந்தைக்காக நிற்கும் ஒரு மணி நேரத்தை ஐந்து பேரும் கொடுக்கிறார்கள். பூங்குயிலின் மகன் எல்சாவைக் கேட்கவில்லை. அவனும் நிற்கிறான். அவன் அம்மாச்சியும் நிற்கிறார். எடிசன்வாசி சொன்ன பனிப்பூக் காட்சி அழகாகத்தான் இருக்கிறது, படித்துவிட்டு மனைவியிடமும் சொன்னேன். ஆனால் அந்த வரிசையில் அண்ணனாக நின்ற பையன்களை யார் கேட்டார்கள்? எங்கள் வீட்டில் பெரியவன் இன்றுவரை அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசினால் முதலில் சொல்வது நின்றதைத்தான்.

எடிசன்வாசி:

இது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஐந்து பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44 அங்குல உயரம் வேண்டும். 2023-ல் திறந்த டிரான் ரைடுக்கு 48 அங்குலம். ஐந்து வயதுப் பெண் பெரும்பாலும் இரண்டிலும் ஏற முடியாது. ஒன்பது வயதுப் பையன் பொதுவாக இரண்டிலும் ஏறிவிடுவான். அப்பாவும் மகனும் அங்கே போகிற நேரத்தில் அம்மா, மகள், அம்மாச்சி மூவரும் மிக்கியிடம் போகட்டும். மகள் எப்படியும் அந்த ரைடுக்கு வெளியே பெஞ்சில் உட்காரப்போகிறவள். அந்த நேரம் மிக்கிக்குப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்புறம், வரிசை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். டேவிட் மைஸ்டர் 1985-ல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதியதை எங்கள் மேலாண்மை வகுப்பில் படித்தோம். கை சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும், தனியாக நிற்பதைவிடக் கூட்டமாக நிற்பது சுருங்கும் என்கிறார். ஆர்லாண்டோ யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வில்லன் மெகாட்ரானைப் பார்க்க நிற்கும் வரிசையைப் பாருங்கள். முன்னால் போகிற ஒவ்வொருவரையும் அவர் வாயாரத் திட்டுவார். அதைக் கேட்டுக்கொண்டே வரிசை சிரித்து நகரும். உங்கள் மகனை அங்கே நிறுத்தினால் ஒரு முணுமுணுப்பும் வராது. கதவுக்குப் பின்னால் கதாபாத்திரம் இருந்து, வெளியே வெறும் சுவரைப் பார்த்து நிற்கும் வரிசைதான் பிள்ளைகளை வாட்டும்.

அமைதிநதி:

என் மகனுக்கு ஆட்டிசம். எங்கள் அனுபவம் சிலருக்கு உதவலாம்.

அவனுக்குப் பேசும் இளவரசிகள் பிடிக்காது. கேள்வி கேட்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், பதில் எதிர்பார்ப்பார்கள். பேசாத ஆட்களைத்தான் தேடிப் போவான். புளூட்டோவின் காதைத் தடவிக்கொண்டு அவன் நின்ற நேரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய விஷயம். புளூட்டோ ஒன்றும் கேட்கவில்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்தக் கைக்கு வாகாகக் கொடுத்தது. யாராவது "பேசாத பொம்மைக்காகவா நிற்பது" என்றால் எனக்குச் சொல்ல இதுதான் இருக்கிறது.

நிற்பதுதான் அவனால் முடியாது. டிஸ்னி பூங்காக்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியைப் பதிவு செய்தால், வரிசையில் நிற்பதற்குப் பதிலாகத் திரும்பி வரவேண்டிய நேரத்தைக் கொடுப்பார்கள். அதுவரை நிழலான இடத்தில் இருக்கலாம். 2024-ல் விதிகளை இறுக்கிவிட்டார்கள். இப்போது முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சி சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் தருகிறார்கள், ஃப்ளோரிடாவில் வீடியோ அழைப்பில் பேசித்தான் பதிய வேண்டும். பயணத்துக்கு முன்பே வீட்டிலிருந்து முடித்துக்கொள்வது நல்லது. போகும் முன் ஒரு வாரம் அந்தக் கதாபாத்திரம் மற்ற குழந்தைகளைச் சந்திக்கும் வீடியோக்களை அவனுக்குப் போட்டுக் காட்டினோம். என்ன நடக்கும், எப்போது முடியும் என்று தெரிந்ததால் அமைதியாக இருந்தான்.

பாஸ்டன் பூங்குயில்:

எல்லோருக்கும் நன்றி. அமைதிநதி அக்கா, நீங்கள் எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கேள்வி. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறேன். அடுத்து, கதாபாத்திரங்கள் மேசைக்கே வருகிற உணவகங்கள் இருக்கிறதாமே, அது வரிசையைவிட நல்லதா?

எடிசன்வாசி:

அம்மாவுக்கு மிக்கிதான் சரி. அவர் பேசமாட்டார், கையாலும் உடம்பாலும்தான் எல்லாம். என் மாமியாரும் ஆங்கிலம் தெரியாதவர். மிக்கியைப் பார்த்ததும் கும்பிட்டார். மிக்கியும் அந்தப் பெரிய வெள்ளைக் கையுறைகளைக் கூப்பித் திரும்பக் கும்பிட்டார். மாமியார் அந்தப் படத்தைத்தான் ஊரில் எல்லோருக்கும் காட்டினார். கோட்டையின் படத்தைக் காட்டவில்லை. மேஜிக் கிங்டமில் மிக்கி இருப்பது நுழைவாயிலை ஒட்டிய டவுன் ஸ்கொயர் தியேட்டரில், முழுக்க உள்ளரங்கம், ஏசி. நிற்க முடியாது என்றால் உள்ளே நுழைந்ததும் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துவிடுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம், நடையே மைல் கணக்கில் வரும்.

உணவகம் நல்ல யோசனை, செலவுதான் அதிகம். ஷெஃப் மிக்கீஸ், கிரிஸ்டல் பேலஸ், எப்காட்டின் நார்வே பகுதியில் அகெர்ஷூஸ் எல்லாம் இந்த வகை. பெரியவருக்குப் பெரும்பாலும் 50 டாலருக்கு மேல், மூன்று வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. 60 நாளுக்கு முன் பதிவு திறக்கும், அன்றைக்கே முயலுங்கள். உட்கார்ந்த இடத்துக்கே நான்கைந்து பேர் வந்து போவார்கள், அம்மாவுக்கும் சுகம். சைவம் என்றால் பதிவிலும் எழுதுங்கள், பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். ஒரு விஷயம், உணவகத்தில் எல்சா வருவார் என்று மகளிடம் சொல்லிவைக்காதீர்கள். யார் யார் வருவார்கள் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடிகாரமுள்:

ரைடுகளைப் பிரித்துக்கொள்ளும் யோசனை எனக்கும் சரியாகப் படுகிறது, உயரக் கணக்கை நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆனால் எல்சாவும் மிக்கியும் போக மூன்றாவது ஒன்று வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். மற்ற இளவரசிகளை மதிய ஊர்வலத்தில் பார்க்கட்டும். தேர் மேலிருந்து கையசைத்துக்கொண்டே போவார்கள், குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். பாதையோரத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்துவிடலாம், சாப்பிட்டுக்கொண்டே.

செங்காங் சித்தி:

எனக்கு ஒரு சந்தேகம். ஒருவர் மட்டும் வரிசையில் நின்று, கிட்டே வந்ததும் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா? இங்கே சிலர் செய்கிறார்கள்.

திரைக்குப்பின்:

வேண்டாம் சித்தி. பல பூங்காக்களின் விதியே குழுவாகச் சேர்ந்து நுழைய வேண்டும் என்பதுதான். திடீரென்று ஆறு பேர் முன்னால் நுழைவதைப் பின்னால் நிற்கும் குழந்தைகள் பார்ப்பார்கள். அந்தச் சண்டைகளை நான்தான் விலக்கியிருக்கிறேன். கழிப்பறைக்குப் போய்த் திரும்புவது வேறு, அதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

பாஸ்டன் பூங்குயில்:

முடிவு செய்துவிட்டோம். மேஜிக் கிங்டமில் அப்பாவும் மகனும் டிரானுக்குப் போகும்போது நாங்கள் மூவரும் மிக்கியிடம். எப்காட்டில் எல்சா, எல்லோரும் சேர்ந்து. மகன் கேட்ட நிபந்தனை, அதற்கு முன்னால் அங்கேயுள்ள 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' ரைடு. சரி என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசை கிடையாது. மகளிடமும் இப்போதே சொல்லியாகிவிட்டது, யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். ஊர்வலத்துக்கு அம்மாவோடு உட்காரப் போகிறாள்.

கையெழுத்துப் புத்தகம் வாங்கலாமா?

திரைக்குப்பின்:

வாங்குங்கள். அங்கே வாங்கினால் விலை அதிகம், கடைகளில் கிடைக்கும் கோடில்லாத சின்ன நோட்டே போதும். பேனாதான் முக்கியம். மெல்லிய பால்பாயின்ட் பேனாவைக் கையுறை போட்ட கையால் பிடிக்க முடியாது, தடித்த பேனாவாகக் கொடுங்கள், மூடியைக் கழற்றி. பக்கத்தையும் முன்பே திறந்துவையுங்கள். படத்துக்கு உங்கள் போனையே அங்கிருக்கும் ஊழியரிடம் கொடுக்கலாம், எடுத்துத் தருவார்கள், அதற்குக் காசு இல்லை. எல்சாவிடம் கேட்க ஒரு கேள்வியை மகளையே யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேள்வியோடு வரும் குழந்தைகளிடம் அவர்கள் கூடுதலாகப் பேசுவார்கள்.